பல்கலைக்கழக வீட்டுப்பாடக் கேள்வியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: "முதலாம் ஆண்டில் இயற்பியல், வேதியியல், புள்ளியியல், மேலாண்மைக் கணக்கியல், நிரலாக்கம் என்று எல்லாம் கலந்து படிக்கிறேன். வகுப்பில் நடத்தும்போது புரிகிறது. தீர்த்துவைத்த கணக்கைப் பார்த்தாலும் புரிகிறது. ஆனால் வெறும் தாளோடு வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. விடையைப் பார்த்துக் கற்றுக்கொள்வது தப்பா? ஏஐ கருவிகளிடம் கேட்கலாமா? எல்லா அசைன்மென்ட்டும் ஒரே வாரத்தில் வந்தால் எதை முதலில் எடுப்பது?"

பல வருடங்களாக இந்த மாதிரித் தாள்களைத் திருத்தி வருகிறேன். நீங்கள் சொல்வது மிகப் பொதுவான சிக்கல். கணக்குப் போடத் தெரியாததால் திணறுகிறவர்கள் குறைவு. பெரும்பாலான வீட்டுப்பாடக் கேள்விகளில் ஒரே ஒரு இடத்தில்தான் நாம் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். எந்த விதி, எந்தச் செலவு, எந்தச் சோதனை, எந்த எல்லை என்ற முடிவு அது. அதை எடுத்துவிட்டால் மீதியெல்லாம் கைவேலை. வகுப்பில் ஆசிரியர் அந்த முடிவை அரை வாக்கியத்தில் வாயால் சொல்லிவிட்டு, கைவேலையைப் பலகை முழுக்க எழுதுவார். நாமும் பலகையில் இருப்பதை மட்டும் குறிப்பேட்டில் இறக்கிக்கொள்வோம். வீட்டில் திறந்து பார்த்தால் படிகள் எல்லாம் இருக்கும், ஏன் அந்தப் படியிலிருந்து தொடங்கினார் என்பது மட்டும் இருக்காது.

இதைப் பற்றி 1981-ல் மிஷலின் சீ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் செய்த ஓர் ஆய்வு உண்டு. இயற்பியல் கணக்குகளைத் தனித்தனி அட்டைகளில் கொடுத்து, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் சாய்தளம் வரும் கணக்கையெல்லாம் ஒரு கட்டாகவும், சுருள்வில் வரும் கணக்கையெல்லாம் இன்னொரு கட்டாகவும் வைத்தார்கள். துறையில் தேர்ந்தவர்கள் படத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆற்றல் அழியா விதியால் தீர்வது ஒரு கட்டு, நியூட்டனின் இரண்டாம் விதியால் தீர்வது இன்னொரு கட்டு என்று வைத்தார்கள். தேர்ந்தவர்கள் கேள்வியைப் படிக்கும்போதே அந்த முடிவைத் தேடிவிடுகிறார்கள். நீங்கள் பழக வேண்டியதும் அதைத்தான்.

சாய்தளத்தையே எடுத்துக்கொள்வோம். 30 பாகைச் சாய்வு, உயரம் 5 மீட்டர், உராய்வு கிடையாது, மேலே ஓய்வில் இருந்த கட்டை வழுக்கி வருகிறது. அடியில் வேகம் என்ன என்று கேட்டால் நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனவே ஆற்றலில் தொடங்கலாம். வேகத்தின் வர்க்கம் = 2 × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம், அதாவது 2 × 9.8 × 5 = 98, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9.9 மீட்டர்/விநாடி. ஒரே வரி. கோணமே தேவைப்படவில்லை. இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் ஆற்றல் சமன்பாட்டில் நேரம் என்ற ஒன்று வருவதில்லை, ஆகவே விசைக்குப் போக வேண்டும். சாய்வின் நீளம் 10 மீட்டர், முடுக்கம் 9.8-ல் பாதி, அதாவது 4.9. நேரம், நீளத்தின் இருமடங்கை முடுக்கத்தால் வகுத்த 20/4.9-இன் வர்க்கமூலம், சுமார் 2.02 விநாடி. இப்போது 4.9-ஐ 2.02-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 9.9 வருகிறது. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் விடைப்பக்கத்தைப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. படம் ஒன்றுதான், கேட்ட சொல் மாறியதும் தொடங்கும் இடம் மாறிவிட்டது. அதனால் எந்தக் கேள்வியிலும் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள், அப்புறம் மேலே போய்க் கொடுத்திருப்பதைப் பாருங்கள்.

வேதியியலில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. 14 கிராம் நைட்ரஜனும் 4 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? இரண்டு பொருளுக்கும் அளவு கொடுத்திருக்கிறார்கள் என்பதே குறிப்பு: ஏதோ ஒன்று முதலில் தீரும். எது தீரும் என்பதுதான் இங்கே எடுக்க வேண்டிய முடிவு. 4 என்பது 14-ஐ விடச் சிறியது என்று ஹைட்ரஜனைத் தேர்ந்தெடுத்துவிடுகிறவர்கள் நிறைய. வினை கிராமில் நடப்பதில்லை, மோலில், அதாவது துகள்களின் எண்ணிக்கையில், நடக்கிறது. நைட்ரஜன் 14/28, அரை மோல். ஹைட்ரஜன் 4/2, இரண்டு மோல். ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன் வேண்டும், ஆகவே அரை மோலுக்கு ஒன்றரை மோல் போதும். கையில் இரண்டு இருக்கிறது. முதலில் தீர்வது நைட்ரஜன். கிடைக்கும் அம்மோனியா ஒரு மோல், 17 கிராம். அரை மோல் ஹைட்ரஜன், அதாவது 1 கிராம், மிஞ்சும். போட்டது 14 + 4 = 18, வந்தது 17 + 1 = 18. இந்தக் கடைசிக் கூட்டல் நிறை அழியா விதியை வைத்து நீங்களே போடும் திருத்தம். விடைத்தாளில் இப்படி ஒரு வரி இருந்தால் திருத்துகிறவருக்கு மனம் நிறையும். ஹைட்ரஜன்தான் முதலில் தீர்கிறது என்று தொடங்கியவருக்கு 22 கிராமுக்கு மேல் அம்மோனியா வரும். உள்ளே போட்டதே 18 கிராம் என்று ஒரு கணம் பார்த்தாலே எங்கே தப்பு என்று தெரிந்துவிடும்.

வணிகப் பாடங்களுக்கு வருகிறேன். அறிவியல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், வெறும் கூட்டல் கழித்தல்தானே என்று. கூட்டல் கழித்தல்தான். ஆனால் எதைக் கூட்டக் கூடாது என்பதில்தான் மொத்தக் கேள்வியும் இருக்கிறது. ஒரு மாதிரிக் கேள்வி தருகிறேன்:

ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான ஒரு பாகத்தை ஆண்டுக்கு 10,000 எண்ணிக்கையில் தானே செய்கிறது. ஒன்றுக்கு மூலப்பொருள் 40, கூலி 25, மாறும் மேற்செலவு 10, நிலையான மேற்செலவு 30. மொத்தம் 105. வெளியார் ஒருவர் ஒன்று 90-க்குத் தர முன்வருகிறார். வாங்கினால் நிலையான மேற்செலவில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தவிர்க்கப்படும். செய்வதா, வாங்குவதா?

105-ஐயும் 90-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாங்கினால் 15 லாபம் போலத் தோன்றும். கேள்வி எழுதியவர் அப்படித் தோன்றட்டும் என்றேதான் அந்த 105-ஐக் கூட்டித் தந்திருக்கிறார். இங்கே கேட்டுக்கொள்ள வேண்டியது: நான் வாங்க முடிவெடுத்தால் இதில் எந்தச் செலவு நிஜமாகவே நின்றுபோகும்? மூலப்பொருள் நிற்கும், கூலி நிற்கும், மாறும் மேற்செலவு நிற்கும். நிலையான 30-ல் 10 மட்டும் நிற்கும். கட்டட வாடகை, மேலாளர் சம்பளம் என்று மீதி 20, வாங்கினாலும் செய்தாலும் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆக, தவிர்க்கக்கூடிய செலவு 85. அதை விட்டுவிட்டு 90-க்கு வாங்கினால் ஒன்றுக்கு 5, ஆண்டுக்கு 50,000 நஷ்டம். செய்வதே மேல்.

இதோடு விட மாட்டார்கள். "பாகம் செய்யும் இடத்தைக் காலி செய்தால் ஆண்டுக்கு 80,000 வாடகைக்கு விடலாம்" என்று ஆ பிரிவில் ஒரு வரி வரும். உடனே நிலைமை தலைகீழ். தானே செய்தால் அந்த 80,000-ஐ இழக்கிறோம். 80,000-ல் 50,000-ஐக் கழித்தால் வாங்குவதில் 30,000 ஆதாயம். அந்தப் பாகத்துக்கென்று போன வருடம் வாங்கிய அச்சுக்கு (பாகத்தை வார்க்கும் கருவிக்கு) எவ்வளவு கொடுத்தார்கள் என்று இன்னொரு எண் கொடுத்திருந்தால், அது எந்தப் பக்கத்திலும் சேராது. கொடுத்த பணம் கொடுத்ததுதான், எந்த முடிவும் அதைத் திருப்பித் தராது. அச்சை இப்போது விற்றால் கிடைக்கும் தொகை என்று சொல்லியிருந்தால் மட்டும் அது கணக்கில் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, பரிந்துரையை எழுதாமலே விட்டு மதிப்பெண் இழக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வணிகக் கேள்வியில் விடை என்பது ஒரு முடிவும் அதற்கான காரணமும். "தானே செய்வது நல்லது, ஆண்டுக்கு 50,000 மிச்சம். இடத்துக்கு வேறு பயன் கிடைத்தால் இந்த முடிவு மாறும். வெளியாரின் தரமும் காலத்தில் கொடுப்பதும் உறுதி செய்யப்படவில்லை" என்று மூன்று வாக்கியம் எழுதினால் போதும், விடை முழுமை பெற்றுவிடும்.

நிதிக் கணக்குகளில் அந்த முடிவு பெரும்பாலும் காலத்தைப் பற்றியது. ஆண்டுக்கு 1,000 வீதம் மூன்று ஆண்டு, 10 சதவீத வட்டி என்றால், ஆண்டின் கடைசியில் பணம் வந்தால் இன்றைய மதிப்பு சுமார் 2,487. ஆண்டின் தொடக்கத்தில் வந்தால் சுமார் 2,736. சூத்திரத்தைத் தேடுவதற்கு முன் ஒரு கோடு போட்டு 0, 1, 2, 3 என்று குறித்து, பணம் எந்தப் புள்ளியில் விழுகிறது என்று வரைந்துவிடுங்கள். புள்ளியியலில் அது தரவு எப்படி வந்தது என்பதைப் பற்றியது. ஒரே மாணவர்களுக்குப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைத்த தேர்வு என்றால் மதிப்பெண்கள் ஜோடி ஜோடியாக வந்தவை. ஒவ்வொருவருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து அந்த வித்தியாசங்களின் மேல் டி-சோதனை (சராசரி வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும். இரண்டு வெவ்வேறு வகுப்பு மாணவர்கள் என்றால் அது வேறு சோதனை. இரண்டிலும் அட்டவணை அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், ஆகவே அட்டவணையைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, அதற்கு மேலே உள்ள பத்தியைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நிரலாக்கம் கொஞ்சம் வித்தியாசம். மற்ற பாடங்களில் முடிவு கேள்விக்குள் ஒளிந்திருக்கும், இங்கே பல நேரம் அதை நாமே எடுத்து, நாமே கடைசிவரை காப்பாற்ற வேண்டும். பைனரி சர்ச் இதற்கு அருமையான உதாரணம். வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவைப் பார், தேடுவது பெரியதென்றால் வலப்பாதி, சிறியதென்றால் இடப்பாதி. யோசனை அவ்வளவுதான். பத்து லட்சம் உறுப்புகள் இருந்தாலும் சுமார் 20 முறை பாதியாக்கினால் முடிந்துவிடும். ஆனால் எழுதச் சொன்னால் பாதிப் பேருடைய நிரல் எங்கேயோ போய் மாட்டிக்கொள்கிறது.

எங்கே மாட்டுகிறது என்று பார்ப்போம். பட்டியலில் 3, 7 என்று இரண்டே எண்கள். தேடுவது 7. இடங்களை 0-விலிருந்து எண்ணுவதால் கீழ் எல்லை 0, மேல் எல்லை 1. நடு, 0 + 1 என்பதில் பாதி, முழு எண்ணாக 0. அந்த இடத்தில் இருப்பது 3, தேடுவதை விடச் சிறியது. "கீழ் எல்லை = நடு" என்று எழுதியிருந்தால் கீழ் எல்லை மறுபடியும் 0. அடுத்த சுற்றிலும் நடு 0, அதற்கடுத்த சுற்றிலும் 0. லூப் முடியவே முடியாது. "கீழ் எல்லை = நடு + 1" என்று எழுதியிருந்தால் அடுத்த சுற்றில் 1, அங்கே 7, முடிந்தது. ஆயிரம் உறுப்புகளைக் கொடுத்து ஓடவிட்டால் இந்தத் தப்பு எங்கே என்று பிடிக்க முடியாது. இரண்டு உறுப்புகளை வைத்துத் தாளில் அட்டவணை போட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். காலிப் பட்டியல், ஓர் உறுப்பு, இரண்டு உறுப்பு, தேடுவது இல்லாத பட்டியல் என்று இந்த நான்கையும் எப்போதும் கையால் ஓட்டிப் பாருங்கள்.

இங்கே எடுக்க வேண்டிய முடிவு, மேல் எல்லை என்பது தேடும் பகுதிக்குள் சேருமா, சேராதா என்பது. சேரும் என்றால் தொடக்கத்தில் அது கடைசி உறுப்பின் இடம். கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டாத வரை லூப் ஓடும், இடப்பாதிக்குப் போகும்போது மேல் எல்லை நடு − 1. சேராது என்றால் தொடக்கத்தில் அது பட்டியலின் நீளம். கீழ் எல்லை மேல் எல்லையை விடச் சிறியதாக இருக்கும் வரை லூப் ஓடும், இடப்பாதிக்குப் போகும்போது மேல் எல்லை வெறும் நடு. இரண்டுமே சரி. ஒன்றின் தொடக்கத்தையும் மற்றொன்றின் லூப் நிபந்தனையையும் கலந்தால்தான் வம்பு. வெவ்வேறு இடங்களிலிருந்து துண்டு துண்டாக நிரலை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இது தவறாமல் நடக்கிறது. எந்த முடிவை எடுத்தீர்கள் என்று நிரலின் முதல் வரியிலேயே கமென்ட்டாக எழுதிவிடுங்கள், மீதி வரிகளை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரி, இது ஏதோ மாணவர்கள் செய்யும் தப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 2006-ல் ஜோஷுவா பிளாக், ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே பிழை இருந்ததை எழுதினார். அதை எழுதியவரும் அவர்தான். ஒன்பது ஆண்டுகளைப் போல அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரிதான் காரணம். மிகப் பெரிய பட்டியலில் அந்தக் கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். கீழ் எல்லையோடு, இரண்டு எல்லைகளின் வித்தியாசத்தில் பாதியைக் கூட்டினால் அந்தச் சிக்கல் வராது. கணிதத்தில் இரண்டும் ஒன்றே, கணினியில் ஒன்றல்ல. கணிதம் நன்றாக வருகிற மாணவர்கள்தான் இதைக் கேட்டு அதிகம் திகைப்பார்கள், அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

விடையைப் பார்த்துக் கற்றுக்கொள்வது தப்பா என்று கேட்டீர்கள். தப்பில்லை, ஆனால் எப்போது பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தீர்த்த கணக்கைப் பார்த்ததும் உங்களுக்கு வருகிற "புரிந்துவிட்டது" என்ற உணர்வு அந்த ஐந்து நிமிடத்தில் வருவது. பொய்யல்ல, தேர்வு நாள்வரை தாங்காது, அவ்வளவே. அதனால் தீர்வைத் திறக்கும் முன் தாளில் ஒரு வரியாவது எழுதுங்கள்: "இங்கே எடுக்க வேண்டிய முடிவு இது என்று நினைக்கிறேன், காரணம் இது." அப்புறம் தீர்வில் அந்த முடிவு வரும் இடம் வரை மட்டும் படித்துவிட்டு மூடுங்கள். கைவேலையை நீங்களே செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை வெறும் தாளில் மறுபடி போடுங்கள். அப்போதும் நின்றுவிட்டால் எந்த வரியில் நின்றீர்கள் என்று தெரியும், ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டியது அந்த வரிதான். "எனக்கு இந்த அத்தியாயமே புரியவில்லை" என்று வருகிறவருக்கு என்னால் பாடத்தை மறுபடி நடத்தத்தான் முடியும். "நைட்ரஜன் முதலில் தீரும் என்பது வரை வந்தேன், மிச்சம் எவ்வளவு என்பதில் நிற்கிறேன்" என்று வருகிறவருக்கு இரண்டு நிமிடத்தில் உதவ முடியும்.

ஏஐ கருவிகளைப் பற்றி: முதலில் உங்கள் பாடத்தின் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள், பாடத்துக்குப் பாடம் மாறும். அனுமதி உண்டென்றால், விடையைக் கேட்காதீர்கள். உங்கள் விடையைக் கொடுத்து எங்கே சறுக்குகிறது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், அல்லது இதே முடிவு தேவைப்படும் வேறொரு கேள்வியைத் தரச் சொல்லுங்கள். தப்பான விடையையும் அவை அதே சரளத்தோடு எழுதும் என்பதால், நிறை சரிபார்ப்பது, இரண்டு வழியில் போட்டுப் பார்ப்பது போன்ற திருத்தங்கள் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். முழுத் தீர்வையும் வாங்கி அப்படியே ஒப்படைப்பது வேறு விஷயம். அதில் பிடிபடுகிறீர்களா இல்லையா என்பதை விட எனக்குக் கவலையாக இருப்பது, எடுக்க வேண்டியிருந்த அந்த ஒரு முடிவையும் உங்களுக்குப் பதில் வேறொன்று எடுத்துவிடுகிறது என்பதுதான். கைவேலையைப் பறிகொடுத்தால் பரவாயில்லை, கால்குலேட்டரிடம் எப்போதோ கொடுத்துவிட்டோம்.

ஒரே வாரத்தில் எல்லாம் வந்தால்: அசைன்மென்ட் கைக்கு வந்த அன்றே எல்லாப் பாடக் கேள்விகளையும் ஒருமுறை படித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எடுக்க வேண்டிய முடிவை நான்கு சொல்லில் குறித்துவையுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. குறிக்க முடியாதவற்றுக்கு வட்டம் போடுங்கள், வகுப்பில் கேட்க வேண்டியவை அவை. அப்புறம் நிரலாக்கத்தை முதலில் எடுங்கள், ஏனென்றால் பிழை தேட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. நடுவில் கணக்குப் பாடங்கள். அறிக்கையாக எழுத வேண்டிய வணிகக் கேள்விகளில் எண்களை முதல் நாளிலேயே முடித்துவிட்டு, பத்திகளைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். களைப்பாக இருக்கும் இரவில் பத்தியைத் திருத்தி எழுதுவது சாத்தியம், லூப்பில் மாட்டிய நிரலை அவிழ்ப்பது கடினம்.